இட்லிப்பூச் செடிக்கு இரும்பு எட்டாதது ஏன்?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இட்லிப்பூச் செடியில் புதுத் துளிர்கள் மட்டும் மஞ்சளாக வருகின்றன, நரம்புகள் பச்சையாகவே இருக்கின்றன. கண்பட்டுவிட்டது, எலுமிச்சை கட்டு என்கிறார்கள். வேரருகே ஆணி புதைக்கச் சொல்பவர்களும் உண்டு. எதைச் செய்யட்டும்?"

கண்ணேறுக்கு இதில் வேலையில்லை. ஆணி சொன்னவர்கள் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்: இரும்புப் பற்றாக்குறைதான். பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம். ஆனால் பச்சையத்தை உருவாக்க இரும்பு வேண்டும். முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்பு எளிதில் துளிருக்குப் போகாது. அதனால்தான் இளந்தளிர் முதலில் வெளுக்கிறது.

மருந்துதான் தவறு. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை; பூமியின் மேலோட்டில் சுமார் 5 சதவீதம் இரும்புதான். அது பெரும்பாலும் துருவாக, நீரில் கரையாத ஃபெர்ரிக் வடிவில் கிடக்கிறது. ஆணி புதைத்தால் கூடுவதும் அதே துருதான்.

வேர் அந்தத் துருவைக் கரைக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. புல்லினம் தவிர்த்த பூச்செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. வேர் முதலில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றித் தன்னை ஒட்டிய மண்ணை அமிலமாக்குகிறது. கொஞ்சம் துரு கரைகிறது. வேரின் மேல்தோலில் உள்ள நொதி ஒன்று, கரைந்த ஃபெர்ரிக் அயனிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெர்ரஸ் ஆக்குகிறது. ஃபெர்ரஸ் ஆனதும் இன்னொரு புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரும்பு குறையக் குறைய, செடி இந்த மூன்றையும் முடுக்கிவிடுகிறது.

ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் முதல் படியிலேயே குறுக்கிடுகிறது. வயிற்று எரிச்சலைச் சோடா உப்பு தணிப்பதுபோல, வேர் விடும் அமிலத்தை அது முறித்துவிடும். சுவரோரத்துச் சுண்ணாம்பும் சிமென்ட்டும் இன்னும் மோசம். அமில-கார அளவைக் காட்டும் பி.எச். (ஏற ஏற அமிலம் குறைவு என்று பொருள்) ஓர் அலகு ஏறினால், ஃபெர்ரிக் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரியும். கேரளத்தின் செம்புரை மண் அமிலத்தன்மை கொண்டது. அங்கே இச்செடி தானாகச் செழிக்கிறது.

ஆகவே மழைநீர் சேர்த்து ஊற்றுங்கள், இலைமக்கு போடுங்கள், சுவரைவிட்டுத் தள்ளி நடுங்கள். உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பை (ஃபெர்ரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைகள் முழுக்க நனையத் தெளியுங்கள். துளி பட்ட இடம்தான் பச்சையாகும். வேரில் ஊற்றுவதென்றால் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகைச் செலேட் இரும்பு, அதாவது துருவாகிவிடாமல் ஒரு கரிமச் சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு, கேளுங்கள். ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது. கவாத்து, பூத்து ஓய்ந்த பிறகே. மொட்டு கிளை நுனியில்தான் வரும்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் விவசாய நிலத்தின் பி.எச்., இரும்பு இரண்டையும் அளக்கிறது. நகரத்து வீட்டுத் தோட்டத்துக்கும் அந்த வசதி தெருமுனைவரை வர அரசு செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.