எவ்வளவு கண்டீர்கள் என்பதை வேர்ப் சொல்லிவிடும்

கொழும்பு வெள்ளவத்தையில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். காப்புறுதியில் கிளெய்ம் பார்ப்பவர்கள், செக்யூரிட்டி மேற்பார்வையாளர்கள் என்று பலர் வருவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் விபத்து அறிக்கைகளில் 'சோ' (saw, கண்டேன்), 'ஹேர்ட்' (heard, கேட்டேன்) இரண்டுக்கும் பின்னால் என்ன வருகிறது என்பதில்தான் முதலில் என் கண் போகும்.

அடிக்கடி வருவது 'ஐ சோ ஹிம் குரொஸ்ட் த ரோட்' (அவர் வீதியைக் கடப்பதைக் கண்டேன் என்பதற்கு). நடந்து முடிந்த விஷயம்தானே என்று இரண்டு வேர்பையும் (வினைச்சொல்லையும்) இறந்தகாலத்தில் போட்டுவிடுகிறார்கள். காலத்தை 'சோ' காட்டிவிட்டது, அடுத்த வேர்புக்கு அந்த வேலை இல்லை. 'வோன்ட்' (want) என்பதற்குப் பின்னால் 'டு' போட்ட பழக்கத்தில் 'டு குரொஸ்' என்று எழுதுவதும் பிழைதான். வெறும் 'குரொஸ்', இல்லாவிட்டால் 'குரொஸிங்'.

சரி, இரண்டில் எதையும் போடலாமா? போடலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒருவர் காலி வீதியைக் கடக்கிறார். 'ஐ சோ ஹிம் குரொஸ்' என்றால், அவர் இறங்கியதிலிருந்து மற்றப் பக்கம் ஏறும்வரை பார்த்திருக்கிறீர்கள். 'குரொஸிங்' என்றால், நீங்கள் பார்த்த நேரம் அவர் கடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். நடுவில் பஸ் மோதியிருந்தால் 'குரொஸ்' என்று எழுதவே முடியாது, அந்த மனிதர் கடந்து முடிக்கவில்லையே!

இருமலும் அப்படித்தான். 'ஹேர்ட் ஹர் கொஃப்' என்றால் ஒருமுறை, 'கொஃபிங்' என்றால் விடாமல். 'ஸ்மெல்' வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஐஎன்ஜி (-ing) வடிவம்தான்: 'ஐ ஸ்மெல்ட் சம்திங் பேர்னிங்'. செயப்பாட்டுவினையில் மட்டும் விரட்டிய 'டு' திரும்பி வரும்: 'ஹீ வொஸ் சீன் டு லீவ்'.

இதைவிடப் பெரிய வில்லங்கம் 'தட்' (that). 'ஐ ஹேர்ட் ஹிம் ஷவுட்' என்றால் உங்கள் காதாலேயே கேட்டீர்கள். 'ஐ ஹேர்ட் தட் ஹீ ஷவுட்டட்' என்றால் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டீர்கள். இலங்கையின் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 60ஆம் பிரிவில், காதால் கேட்கக்கூடிய விஷயத்துக்குக் கேட்டவரே சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது. தன் காதால் கேட்டவர் 'தட்' போட்டு எழுதிக்கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? உண்மையிலேயே பிறர் சொன்னதுதான் என்றால் 'தட்' இருக்கட்டும், ஆனால் சொன்னவர் யார் என்று அடுத்த வசனத்திலேயே எழுதிவிடுங்கள்.