செமித்தேரி என்றால் படுக்கையறை

பினாங்கில் எங்கள் வீட்டில் இறந்தவர்களைப் புதைக்கும் இடத்துக்கு மூன்று சொல். பிள்ளைகளுக்கு அது 'செமட்டரி'. அப்பாவுக்குக் 'கல்லறை'. அத்தைக்கு மட்டும் கடைசிவரை 'செமித்தேரி'தான். "நவம்பர் ரெண்டுக்கு செமித்தேரிக்குப் போகணும், மெழுகுவர்த்தி வாங்கி வை" என்று, இறந்தவர்களை நினைக்கும் அந்த நாளுக்காக அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடுவார். ஏதோ ஆங்கிலச் சொல்லை அத்தை தப்பாக உச்சரிக்கிறார் என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். தப்பு எங்கள் பக்கம்.

செமித்தேரி ஆங்கிலம் வழியாக வந்ததல்ல. ஜன்னலும் சாவியும் தமிழுக்கு வந்த அதே கப்பலில் வந்த போர்த்துகீசியச் சொல் அது. போர்த்துகீசியத்துக்கு லத்தீன் தந்தது, லத்தீனுக்குக் கிரேக்கம். கிரேக்கத்தில் அது 'கொய்மெத்தேரியோன்'. பொருள், தூங்குமிடம். வீட்டில் பாய் விரித்துப் படுக்கிற அறைக்கும் அதே பெயர்தான். இறந்தவர்களைப் புதைக்கும் இடத்தைச் சொல்ல கிரேக்கத்தில் 'நெக்ரோபொலிஸ்' என்று வேறொரு சொல் இருந்தது. செத்தவர்களின் ஊர் என்று அர்த்தம். ஆதிக் கிறிஸ்தவர்கள் அதை விட்டுவிட்டுப் படுக்கையறைச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

காரணம் யோவான் நற்செய்தியில் இருக்கிறது. லாசரு இறந்ததை இயேசு முதலில் 'நித்திரையடைந்திருக்கிறான்' என்றுதான் சொல்கிறார், எழுப்பப் போகிறேன் என்கிறார். சீடர்களுக்குப் புரியவில்லை. தூங்கினால் குணமாகிவிடுவான் என்று பதில் சொல்கிறார்கள். அப்புறம்தான் இறந்துவிட்டான் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தூக்கம் என்று சொன்னவரே கல்லறைக்குப் போனதும் கண்ணீர் விட்டார் என்பதையும் அதே அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. பயப்படாதே, அழாதே என்று சாவு வீட்டில் அதட்டுகிறவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் போலும்.

இந்த விளக்கமெல்லாம் எனக்குப் பயன்பட்டது ஆஸ்பத்திரியில். அத்தைக்குப் பகலில் பயமில்லை, ராத்திரிதான் பிரச்சினை. வார்டில் விளக்கை அணைக்கும் நேரம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வார். "கண்ண மூடுனா தொறக்காம போயிடுமோன்னு இருக்குடா தம்பி." என்ன சொல்வதென்று தெரியாமல், செமித்தேரி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ உங்க மாமா அங்கேயும் கொறட்டை விட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்றார். அன்று தூங்கினார். மறுநாள் ராத்திரி பயம் திரும்பி வந்தது, ஆனால் கூடவே மாமாவின் குறட்டைப் பேச்சும் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தூக்கத்தையும் சாவையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு' என்று குறள் சொல்லிவிட்டது. ஆனால் அடுத்த அடியில் விழிப்பது போன்றது பிறப்பு என்கிறது. மாறி மாறி வருகிற சுழற்சி அது. கிறிஸ்தவர் சொல்லும் விழிப்பு ஒரே ஒருமுறை வருவது, அதுவும் இன்னொருவர் வந்து எழுப்புவது. இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது.

சுடுகாடு பொருந்தாது. இடுகாடு பொருந்தும், ஆனால் கொண்டுபோய் இட்டுவிட்டு வந்த இடம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. மயானம் என்ற வடசொல்லைக் கேட்டால் தூக்கம் நினைவுக்கு வருவதில்லை. 'துயிலிடம்' சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்புதான், என்றாலும் ஈழத்தில் போரில் இறந்த புலிப் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்களுக்குப் பிறகு துயில் என்ற சொல்லுக்கு வேறொரு நினைவு கூடிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களிடம் 'சேமக்காலை' என்று ஒரு சொல் உண்டு. செமித்தேரியின் ஓசையும் லேசாகக் கேட்கிறது, பத்திரமாக வைத்திருப்பது என்ற பொருளும் சேமத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இங்கே சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னவென்று கேட்பார்கள்.

புழக்கத்துக்குக் கல்லறையே போதும். கல் சரி, அறையைக் கவனியுங்கள். படுக்கையறையில் இருக்கும் அதே அறை. பாறையில் வெட்டிய அப்படியோர் அறையில்தான் இயேசுவைக் கிடத்தினார்கள், மூன்றாம் நாள் அது காலியாக இருந்தது என்பதுதான் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. சுல்தான் அகமது ஷா சாலையில், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவி 1794-இல் இறந்த பிரான்சிஸ் லைட்டைப் புதைத்த பழைய இடத்தில், கெம்போஜாப் பூ உதிர்ந்து கிடக்கும்போது பார்த்தால் 'கல்லறைத் தோட்டம்' என்ற முழுப் பெயரும் மிகையாகத் தெரியாது.

அத்தையின் கல்லில் 'மறைவு' என்று போட எனக்கு மனமில்லை. 'கர்த்தருக்குள் நித்திரை' என்று எழுதிக் கொடுத்தேன். கல் வெட்டிய சீனத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது, பார்த்துப் பார்த்து வெட்டினார். நித்திரையில் முதல் 'த்' மேலிருந்த புள்ளியை விட்டுவிட்டார். கூப்பிட்டுச் சொன்னதும் காசு வாங்காமல் உளியோடு வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து அந்த ஒரு புள்ளியை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.