சிடி போன பிறகு நம் கையில் எஞ்சுவது என்ன?

பழைய வண்ணாரப்பேட்டையில் வீடியோ கேம் கன்சோல் பழுதுபார்க்கும் என்னிடம் வருவோர், ப்ளூ-ரே வட்டையும் "சிடி" என்றே சொல்வார்கள், நானும் திருத்துவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த வாரம், வியாசர்பாடியிலிருந்து ஒருவர் சேற்றில் ஊறிய கன்சோலையும் ஒரு பை நிறையச் சிடிகளையும் கொண்டுவந்தார். சிடிகளை நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய துணியால் துடைத்தபின், பெரும்பாலானவை வேறொரு கன்சோலில் ஓடின. போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்த எஸ்எஸ்டி எனும் சேமிப்புச் சிப் மட்டும் போர்டோடு போயிற்று; அதிலிருந்த தரவு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால், சிப்பைக் கழற்றி வேறிடத்தில் படிக்கவும் வழியில்லை. அவர் மகன் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த சேவ் கோப்புகள், அதாவது விளையாட்டில் எட்டிய நிலையின் பதிவுகள், திரும்பக் கிடைக்கவில்லை.

சிடி வழக்கொழிந்து வருவதற்கு முதற்காரணம் வேகம். பிளேஸ்டேஷன் 4-இன் ப்ளூ-ரே டிரைவ் நொடிக்குச் சுமார் 27 மெகாபைட் படிக்கும். அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டியோ 5.5 கிகாபைட் படிக்கிறது. ஆகவே 100 கிகாபைட் கொள்ளும் வட்டு இருந்தாலும் விளையாட்டு அதிலிருந்து ஓடுவதில்லை. எஸ்எஸ்டியில் நிறுவப்பட்ட பிறகு, வட்டு உரிமையைக் காட்டும் சாவியாகவே டிரைவில் கிடக்கிறது. 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் அந்த டிரைவையே தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலில் வட்டுக்குப் பதிலாகச் செருகும் சில அட்டைகளில் விளையாட்டு இருப்பதில்லை, சாவி மட்டுமே இருக்கிறது; மீதியை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பெட்டியின் முகப்பிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது என்றாலும் படிப்பவர் குறைவு.

இணையக் கடையில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது சிடியைப் போல விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடிய பொருளன்று, விளையாடும் உரிமம். எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. முன்பே வாங்கியவற்றை மறுபடி இறக்கலாம், புதிதாக வாங்க இயலாது. ஆனால் வட்டு இருந்தால் எல்லாம் பத்திரம் என்று எண்ணுவதும் பிழை. 2014-இல் வெளியான தி க்ரூ, நிறுவனத்தின் சர்வர்களோடு இணையத்தில் இணைந்தால்தான் ஓடும்; அந்தச் சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, வட்டு வைத்திருந்தவர்களாலும் அதைத் தொடர முடியவில்லை.

இவற்றைவிட அதிகமாக என் மேசைக்கு வரும் சிக்கல், மலிவு விலைக்கு விற்கப்படும் பகிர்வுக் கணக்குகள், அதாவது விளையாட்டு வாங்கிய தம் கணக்கையே ஒருவர் பிறருக்கும் பயன்படுத்தக் கொடுப்பது. விற்றவர் கடவுச்சொல்லை மாற்றிய அன்றே விளையாட்டு பூட்டிக்கொள்ளும். அதை எந்தச் சால்டரிங் இரும்பாலும் திறக்க முடியாது. கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைபேசி எண்ணிலும் இருக்கட்டும். சேவ் கோப்புகளை கிளவுடில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பில், வையுங்கள். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேவ் கோப்புகளை யுஎஸ்பியில் நகலெடுக்க முடியாது, கிளவுடுக்கும் சந்தா வேண்டும் என்பதைக் கன்சோல் வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவ் உள்ளதை வாங்குவதா, இல்லாததையா என்று கேட்போரிடம், சென்ற ஆண்டு எத்தனை சிடிகளை விற்றீர்கள், எத்தனையை நண்பர்களுக்கு இரவல் கொடுத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். விரல்விட்டு எண்ணத் தொடங்குபவரிடம் டிரைவ் உள்ளதையே வாங்கச் சொல்கிறேன்.