ரைபிள் கிளப் உறுப்பினருக்குச் சட்டம் தருவது என்ன, கேட்பது என்ன

உறுப்பினர் அட்டை வேறு, துப்பாக்கி உரிமம் வேறு. ரைபிள் கிளப்பில் சேர வருகிறவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். சந்தா கட்டி அட்டை வாங்கினால் சொந்தத் துப்பாக்கி வாங்கிவிடலாம் என்று நம்பி வந்து, அப்படி இல்லை என்றதும் முகம் வாடிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலைந்து வருடம் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தும், சட்டம் தங்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பதே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதிக வருத்தம் தருவது இவர்கள் நிலைதான்.

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். நடைமுறைகளை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் ஒரு நுட்பமான வேறுபாடு தெரியும். பொதுவாகத் துப்பாக்கி உரிமம் கேட்பவர், தனக்கு அது வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். சில வகையினருக்கு மட்டும் அந்தச் சுமை இல்லை. மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காகக் கேட்டால் உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்றே சட்டம் சொல்கிறது. ‘வழங்கலாம்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் உறுப்பினரின் உரிமை இருக்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள் என்று பொருளில்லை. 14ஆம் பிரிவின் தடைகள் உறுப்பினருக்கும் பொருந்தும். பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் கேடு வரும் என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம். மனநிலை சரியில்லாதவர், வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்று அது முடிந்து ஐந்து ஆண்டு ஆகாதவர் போன்றோருக்கு உரிமம் கிடையாது. ஆனால் சொத்து போதுமான அளவு இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது. இதைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. வசதியானவர்களுக்கான விளையாட்டு என்று ஒதுங்கி நிற்கும் இளைஞர்களிடம் இந்த வரியை நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

எண்ணிக்கையிலும் ஒரு சலுகை உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் துப்பாக்கிக்கு இந்த வரம்பு பொருந்தாது. முன்பு .22 ரைபிளுக்கும் (குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம்) காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளுக்கும் மட்டும் இருந்த இந்த விலக்கை, அதே திருத்தம் மற்றத் துப்பாக்கிகளுக்கும் விரித்தது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘.22 மட்டும்தான்’ என்று யாராவது சொன்னால், திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

ஆகவே, சேரப்போகிற கிளப்பில் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல, அங்கீகாரத்தை. 1951இல் தொடங்கிய இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் இந்த விளையாட்டின் தலைமை அமைப்பு. அதன் கீழ் மாநிலச் சங்கங்கள், அவற்றோடு இணைந்த மாவட்டக் கிளப்புகள் என்று அமைப்பு இறங்கிவருகிறது. சங்கத்தோடு இணைப்பு இருந்தால் போட்டிகளுக்குப் போக வழி கிடைக்கும். சட்டச் சலுகைக்கு வேண்டியது மத்திய அரசின் உரிமம் அல்லது அங்கீகாரம். இரண்டுக்குமான தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கிளப் என்றால் தயங்காமல் எடுத்துக் காட்டும்.

சேரும் முறை கிளப்புக்குக் கிளப் மாறும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உங்களை அறிந்த உறுப்பினரின் பரிந்துரை, சில இடங்களில் காவல்துறைச் சரிபார்ப்பு என்று கேட்பார்கள். பிறகு பாதுகாப்பு வகுப்பு. அதை முடிக்காமல் சுடும் வரிசையில் நிற்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. உரிமம் பெற வயது 21 ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதினர் பயிற்சிக்காக, விதிகள் சொல்லும் வயதிலும் நிபந்தனைகளிலும் சுடச் சட்டம் இடம் தருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் சொந்த உரிமம் இல்லாமலே பயிற்சி பெறுவது இப்படித்தான். தொடக்கத்தில் எல்லாரும் கிளப்பின் துப்பாக்கியில்தான் சுடுவார்கள். அது கிளப்பின் பொறுப்பில் இருப்பது. கண்காணிப்பில் சுடலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இனி சுடும் தளத்துக்குள் போவோம். திறந்தவெளித் தளத்தில் கண்ணில் படும் முதல் விஷயம் சிவப்புக் கொடி. அது பறந்தால் சுடுதல் நடக்கிறது என்று பொருள். இலக்குகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கும். சின்னத் தோட்டாதானே என்று பலரும் எண்ணும் .22 தோட்டா, குழல் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். இலக்கு இருப்பதோ 50 மீட்டரில். அந்த மீதித் தூரத்தில் வயலிலும் பாதையிலும் இருப்பவர்களுக்குக் காவல் அந்த மண்மேடுதான். அதனால்தான் குழலின் வாய் எந்த நேரமும் மண்மேட்டின் விளிம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். விசையில் விரல் வைப்பது இலக்கைப் பார்த்த பிறகுதான். எந்தத் துப்பாக்கியானாலும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும்.

எனக்கு இது உறைத்தது இரண்டாவது வாரத்தில். ‘ஸ்டாப்’ என்று, சுடுதலை மேற்பார்வையிடும் ரேஞ்ச் அலுவலர் குரல் கொடுத்தார். எல்லாரும் தோட்டாவை நீக்கி, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, அது காலி என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிட்டுப் பின்வாங்கினோம். நான்கு பேர் இலக்குத் தாள் மாற்ற முன்னே நடந்துகொண்டிருந்தார்கள். என் ரைபிளில் குறிபார்க்க உதவும் பின் பார்வைத் துளையில் தூசி படிந்திருந்தது. துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. முன்னால் நடந்துகொண்டிருந்த நான்கு முதுகுகளைக் காட்டினார், அவ்வளவுதான். ரைபிள் காலி என்பது எனக்குத் தெரியும், அந்த நால்வருக்குத் தெரியாது. ஆட்கள் முன்னே இருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது என்ற விதியை அன்றுமுதல் எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை.

காதுக் காப்பும் கண்ணாடியும் கட்டாயம். பல துப்பாக்கிகளின் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டும், ஒருமுறை கெட்ட காது திரும்பாது. தோட்டாவில் ஈயம் இருப்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. திறந்தவெளியில் காற்றும் சேர்ந்து விளையாடும். வரிசையில் நட்டிருக்கும் சிறு துணிக்கொடிகளைப் பார்த்துக் காற்றைக் கணிக்கப் பழகுவதற்கே மாதங்கள் ஆகும். உள்ளரங்கில் கிடைக்காத அந்தப் பாடத்துக்காகவே வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்ற கட்டம் வந்தால் மாவட்ட ஆட்சியரிடம், காவல் ஆணையரகப் பகுதியானால் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிளப்பின் உறுப்பினர் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவை சேர வேண்டும். விண்ணப்பம் வந்ததும் அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டாலும் அதிகாரி முடிவெடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ‘போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை’ என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த உட்பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுத்தார். அதன் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. மறுத்தால் காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொது நலன் கருதி அதைத் தராமலிருக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மறுப்பை எதிர்த்து 18ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமம் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டு செல்லும். முடியும் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். காலாவதியான உரிமத்தோடு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். தளத்துக்குக் கொண்டுபோகும்போது தோட்டாவை நீக்கி, பூட்டிய பெட்டியில் வைத்து, உரிமத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கிளப் உறுப்பினர் என்ற முறையில் உரிமம் பெற்றவர் சந்தாவை நிறுத்திவிட்டால், ‘இலக்குப் பயிற்சிக்காக’ என்று விண்ணப்பத்தில் எழுதிய காரணத்தை அடுத்த புதுப்பித்தலின்போது காட்ட முடியாது. சந்தா ரசீதையும் வருகைப் பதிவின் நகலையும் உரிமப் புத்தகத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.