பாறை என்ன பிழை செய்தது?

தமிழில் குரல் கொடுத்த நிலநடுக்க ஆவணப்படம் ஒன்று. ‘சான் ஆண்ட்ரியாஸ் பிழை’ என்று நாலைந்து தடவை காதில் விழுந்தது. கலிபோர்னியாவில் யாரோ கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் போல! செய்திகளில் ‘பிழைக்கோடு’ வேறு.

ஆங்கிலத்தில் அது சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்: பாறை பிளந்து இரு பக்கமும் நகர்ந்திருக்கும் இடம். ஃபால்ட் என்றால் குற்றம், பிழை என்றும் பொருள் உண்டு; அதைத்தான் இங்கே போட்டுவிட்டார்கள். ஃபால்ட் என்பது லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நிலக்கரிச் சுரங்கக்காரர்களிடம் புழங்கியது. வெட்டிக்கொண்டே போன கரிப்படுகை சட்டென்று அறுந்து, மேலேயோ கீழேயோ தள்ளிக் கிடக்கும் இடத்தை அப்படிச் சொன்னார்கள். கரி கைக்குத் தப்பிப்போன இடம் என்று வைத்துக்கொண்டால், தமிழிலும் பிழைத்தல் என்றால் தப்புதல்தான்; உயிர் பிழைத்தான் என்கிறோமே. அதை யோசித்து வைத்த சொல் என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, ‘பிளவு’ போதாதா என்பார்கள். போதாது. சுவரில் விழும் விரிசலும் பிளவுதான். பாறை வெடித்து நகராமல் நின்றால் அது வெறும் விரிசல்; இரு பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தால்தான் ஃபால்ட். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது நேராக நின்ற வேலிகள் அறுந்து மீட்டர் கணக்கில் விலகி நின்றன. ஓரிடத்தில் சாலையே சுமார் 6 மீட்டர் தள்ளிப் போனது. இத்தகைய தடயங்களை வைத்துத்தான் அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீடு, பாறை பல ஆண்டுகள் வில்லாக வளைந்து, தாங்க முடியாத கட்டத்தில் விடுபட்டுத் துள்ளுகிறது என்று 1910இல் விளக்கினார். நகர்வுதான் சங்கதியே. ஆகவே ஃபால்ட்டுக்குப் பிளவுப்பெயர்ச்சி என்பதே பொருத்தம். குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பழகிய நமக்குப் பெயர்ச்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வகைகளுக்கு வந்தால் ‘பிழை’யின் வண்டவாளம் முழுசாகத் தெரியும். நார்மல் ஃபால்ட் ‘சாதாரண பிழை’யாம், ரிவர்ஸ் ஃபால்ட் ‘தலைகீழ் பிழை’யாம்! இயல்புப் பெயர்ச்சி, எதிர்ப் பெயர்ச்சி என்றால் எந்த மாணவருக்கும் புரியுமே. முன்னதில் நிலம் இழுபட்டு ஒரு பக்கம் சரிகிறது. பின்னதில் நெருக்குண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. இமயம் எழுந்ததில் மடிப்புகளோடு இதற்கும் பெரும் பங்கு உண்டு.

அப்புறம் அந்த ‘அழுத்தம்’. இழுத்தாலும் நெருக்கினாலும் பாறைக்குள் உண்டாகும் விசையை ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் என்பார்கள்; படத்தில் அது வந்த இடமெல்லாம் அழுத்தம் என்றே போட்டிருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தகைவு என்று நல்ல சொல் இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வரிசை வரிசையாக நிற்கும் மலைகள், நிலம் இழுபட்டு, துண்டு துண்டாகச் சரிந்ததால் உண்டானவை. இழுத்ததற்கு அழுத்தம் என்று எப்படி ஐயா பெயர் வைப்பது?