சாம்பல் மையே இல்லாமல் வரும் சாம்பல் நிறம்

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1922-ல் போட்ட ‘ஈஸ்ட் சைடு இன்டீரியர்’ என்ற எட்சிங்கை, அதாவது உலோகத் தகட்டை ரசாயனத்தால் அரித்து அதிலிருந்து அச்சடித்த படத்தை, திருப்பூர்க்காரர் யாராவது பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தையல் மிஷினாகத்தான் இருக்கும். மிஷின் முன்னால் ஒரு பெண், வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான் படம். நியூயார்க்கின் கிழக்குப் பக்கத் தெருக்களில் நடக்கும்போது வெளியிலிருந்து கண்ணில் பட்ட அறைகளின் ஞாபகத்தை வைத்து ஹாப்பர் கற்பனையாகச் செய்தது. ஏறக்குறைய 20 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம்.

அந்தச் சின்னப் பரப்பில் வெயில் இருக்கிறது, நிழல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எத்தனையோ வகைச் சாம்பல் இருக்கிறது. ஆனால் அச்சடிக்கப் பயன்பட்டது கருப்பு மை ஒன்றுதான். அதிலும் ஹாப்பர் கிடைத்ததிலேயே வெள்ளையான இத்தாலியக் காகிதத்தையும், இங்கிலாந்திலிருந்து தருவித்த கடுங்கருப்பு மையையும் தேடிப் பிடித்தவர். அப்படியானால் சாம்பல் எங்கிருந்து வந்தது?

கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரியும். செம்பு பூசிய போர்டில் மார்க்கரால் சர்க்யூட் வரைந்து, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டுவோம், மார்க்கர் படாத செம்பெல்லாம் கரைந்துபோகும். எட்சிங்கும் அதே வேதியியல்தான், தலைகீழாக. செப்புத் தகடு முழுவதும் தேன்மெழுகும் தாரும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, அதன்மேல் ஊசியால் வரைகிறார்கள். ஊசி செம்பைத் தோண்டுவதே இல்லை, மெழுகை மட்டும் விலக்குகிறது. தோண்டும் வேலை திரவத்துக்கு. ஃபெர்ரிக் குளோரைடில் இருக்கும் இரும்பு அயனி செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, செம்பு அயனியாகிக் கரைசலுக்குள் போய்விடுகிறது, கோடு இருந்த இடத்தில் பள்ளம் விழுகிறது.

பழைய ஆட்கள் நைட்ரிக் அமிலம், அதாவது நம் பட்டறைகளில் சொல்லும் திராவகம், பயன்படுத்தினார்கள். அதில் பழுப்புப் புகை வரும், கோட்டின்மேல் குமிழ்கள் வந்து உட்காரும். குமிழ் உட்கார்ந்த இடத்தில் அமிலம் படாததால் கோடு விட்டுவிட்டு விழும் என்று பறவை இறகால் தடவி விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஃபெர்ரிக் குளோரைடில் புகை கிடையாது, ஆனால் வண்டல் பள்ளத்தில் படிந்து வேலையை நிறுத்திவிடும், அதனால் தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாகவோ வைக்கிறார்கள்.

இப்போது சாம்பலுக்கு வருவோம். ஓவியருடைய பென்சில் அழுத்தத்துக்கு இங்கே மதிப்பில்லை, எத்தனை நிமிடம் ஊறியது என்பதுதான் கணக்கு. ஜன்னலோரத்து மெல்லிய கோடுகளுக்கு ஐந்து நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை எடுத்துக் கழுவி, அந்தக் கோடுகளை மட்டும் வார்னிஷால் அடைத்துவிட்டு மறுபடி உள்ளே போடுகிறார்கள், அப்புறம் சுவர், கடைசியில் மேஜைக்கு அடியில் இருக்கும் இருட்டு. அதிக நேரம் ஊறிய பள்ளம் ஆழமாகும், திரவம் பக்கவாட்டிலும் அரிப்பதால் அகலமும் ஆகும், மை அதிகம் பிடிக்கும்.

மீதி வேலையை நம் கண் செய்கிறது. நல்ல பார்வை உள்ளவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.09 மி.மீ., ஒரு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 0.3 மி.மீ. அதைவிட நெருக்கமான கோடுகளைக் கண்ணால் பிரிக்க முடியாது, கருப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பலாக்கிவிடும். ஒரே மையைப் புள்ளி புள்ளியாக வைத்துப் பனியனில் நிழல் கொண்டுவருகிறார்களே, அந்தப் பிரிண்டிங்கிலும் இதே ஏமாற்றுதான்.

அச்சடிப்பது தனி வித்தை. தகடு முழுவதும் மை தேய்த்து, கஞ்சி போட்ட கொசுவலை மாதிரி விறைப்பான துணியால் மேற்பரப்பைத் துடைத்தால் மை பள்ளங்களில் மட்டும் நிற்கும். நனைத்துப் பதமாக்கிய காகிதத்தை மேலே வைத்து, கம்பளத்தால் மூடி, இரும்பு உருளைகளுக்கு நடுவே ஓட்டும்போது காகிதமே பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால் எட்சிங்கில் கருப்புக் கோடு லேசாகப் புடைத்திருக்கும். போனில் பார்த்தால் இது தெரியவே தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி அசல் அச்சைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அச்சில் இடம் வலமாக மாறிவிடும். தகட்டில் தையல் மிஷினை நேராக வரைந்தால், வலது கைப் பக்கம் இருக்க வேண்டிய சக்கரம் அச்சில் இடது பக்கம் போய் நிற்கும். டெய்லர் யாரும் மன்னிக்க மாட்டார்!

நம் ஊர்ப் பழைய ஓட்டு வீட்டு ஆசாரம், அதாவது கூடம், எட்சிங்குக்கென்றே கட்டியது என்று எனக்குத் தோன்றும். மத்தியானம் கண்ணாடி ஓடு வழியாக ஒரே ஒரு கற்றை வெயில் தரையில் விழும், சுற்றிலும் இருட்டு. அந்த வெயிலை வரைய ஒன்றுமே செய்ய வேண்டாம், ஊசி படாமல் விட்டால் காகிதத்தின் வெள்ளையே வெயிலாகிவிடும். அட்டாலிக்கு (பரணுக்கு) கீழே இருக்கும் இருட்டுக்குத்தான் கோட்டின்மேல் கோடு போட்டு மணிக்கணக்கில் மாரடிக்க வேண்டும்.

முயன்று பார்ப்பதானால் ஃபெர்ரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிளாஸ்டிக் டிரேதான் ஆகும், எவர்சில்வர் தட்டையும் இது அரித்துவிடும். தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தகட்டிலிருந்து கரைந்த செம்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது, அது மீனுக்கு விஷம். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளையே மூடச் சொல்லும் அளவுக்கு நொய்யல் ஆறு ஏற்கெனவே பட்டுவிட்டது. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரை நின்றதும் செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும், அதை வடிகட்டிக் காயவைத்து, அபாயகரமான கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடலாம்.