“ஆரம்பம்தான் டாக்டர், இப்பத்தான் கண்டுபிடிச்சாங்க”

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ரிப்போர்ட்டை மேசையில் வைப்பதற்கு முன்பே, “சுகர் புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க டாக்டர், ஆரம்பம்தான், ஸ்வீட்டைக் குறைச்சா போயிடும்ல?” என்றார். ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4, நன்றாகவே அதிகம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்தி, படும்போது சொல்லுங்கள் என்றேன். பாதத்தின் நடுவில் வைத்ததும் “ம்” என்றார். பெருவிரலில் வைத்தேன். பதில் இல்லை. மறுபடியும் வைத்தேன். கண்ணை மூடியபடியே, “இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?” என்று கேட்டார்.

‘புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது’ என்பதை நாங்கள் ஒரு பொருளில் எழுதுகிறோம், நோயாளி வேறு பொருளில் படிக்கிறார். எங்களுக்கு அது பரிசோதனை நடந்த தேதி, அவ்வளவுதான். அவருக்கோ நோய் போன வாரம்தான் உடம்புக்குள் வந்தது என்று பொருள். எச்பிஏ1சி என்பதே கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண் என்பதால், போன வாரக் கதையெல்லாம் அங்கேயே அடிபட்டுவிடும். பெரியவர்களுக்கு அதிகம் வரும் டைப் 2 சர்க்கரை நோய் பல ஆண்டுகள் வலியோ அறிகுறியோ இல்லாமல் இருக்கும். பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கே இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் ஏறக்குறைய பாதி போயிருந்தது தெரிந்தது. அதனால்தான் டைப் 2 என்று தெரிந்த உடனேயே கண்ணின் விழித்திரை, பாதத்தில் உணர்ச்சி, சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்கிறோம். இன்சுலின் ஏறக்குறைய சுரக்காமலே போய்விடும் டைப் 1 என்றால் கண் பரிசோதனைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு, ஏனென்றால் அது பெரும்பாலும் சட்டென்று வெளியே தெரிந்துவிடும்.

இதே சொல் சிலரைத் தேவையில்லாமல் நடுங்கவும் வைக்கும். வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய் பித்தப்பையில் கல் ‘கண்டுபிடிக்கப்படும்’. அது எத்தனை வருடமாகச் சும்மா கிடந்ததோ, வலி எதுவும் தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் அவர் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்.

இன்னொரு சிக்கல், தமிழில் இருப்பதைக் காண்பதற்கும் இல்லாததை உருவாக்குவதற்கும் பேச்சில் ‘கண்டுபிடிப்பு’ என்று ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதற்குள்ளேயே காண்பது, பிடிப்பது என்று இரண்டு வேலைகள் இருக்கின்றன. 1928-இல் ஃப்ளெமிங் பூஞ்சையைச் சுற்றிக் கிருமி அழிந்திருப்பதைக் கண்டார். கிருமியை அழித்த அந்தப் பென்சிலினை மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. ஃப்ளோரி, செயின் குழுவினர் 1940-இல் எலிகளிடம் சோதித்து, 1941-இல்தான் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். கண்டதற்கும் பிடித்ததற்கும் நடுவே 13 வருடம்! ஆகவே ‘சமீபத்திய கண்டுபிடிப்பு, சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று போனில் ஒரு செய்தி வந்தால், கண்டது மட்டும்தானா, எலியிடமா மனிதரிடமா, எத்தனை பேரிடம் என்று முதலில் கேளுங்கள். புதியது என்பதே ஒரு தகுதி என்று நினைக்கவும் வேண்டாம். சர்க்கரைக்கு நான் தினமும் எழுதும் மெட்ஃபார்மின் மருந்தை 1922-லேயே தயாரித்துவிட்டார்கள், பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1957. அதே 1957-இல் மேற்கு ஜெர்மனியில் புது மருந்தாக விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகள் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்த பிறகு, 1961-இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது.

சரி, அவர் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை எழுதி, கண் பரிசோதனைக்கும் அனுப்பி, வீட்டில் பழைய ரிப்போர்ட் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள் என்றேன். இதை எல்லோருக்கும் சொல்வேன், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். அவர் மறக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது, நான்கு வருடம் முன்பு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று நாலாக மடித்தபடி அவர் சட்டைப் பையில் இருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 131. 126 வந்தாலே மறுபடி பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில், அதிகம் என்று காட்ட, ஒரு சின்ன நட்சத்திரக் குறிகூடப் போட்டிருந்தார்கள்.